கோழியும் கருந்துளையும்

கலை அறிவியல் கல்லூரிகளில் தமிழ் கற்பிப்பவருக்குப் பிற துறை ஆசிரியர்களுக்கு வாய்க்காத ஒரு பேறு உண்டு. பகுதி ஒன்று தமிழ் என்ற பெயரில் இயற்பியல், விலங்கியல், வணிகவியல், கணினி அறிவியல் என எல்லாத் துறை மாணவரும் ஈராண்டுக் காலம் அவர் முன்னால் வந்து அமர்ந்தாக வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் தமிழை மதிப்பெண்ணுக்காகச் சகித்துக்கொள்பவர்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அவர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்ற செய்தி, துறை ஆசிரியர்களைவிடத் தமிழாசிரியரையே அதிகம் வந்தடைகிறது. இதற்கான காரணத்தைச் சில சமயம் யோசித்ததுண்டு. துறை ஆசிரியரிடம் வெற்றியை மட்டுமே சொல்லிக்கொள்ள முடியும். தமிழாசிரியரிடம் குழப்பத்தையும் சொல்லலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள் போலும்.

2014-இல் என் வகுப்பில் சேர்ந்து படித்த இருவர் பின்னர் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சென்றனர். பெயர்களைத் தவிர்க்கிறேன், அவர்களும் அதையே விரும்புவர். ஒருவன் விலங்கியல் மாணவன். காட்டு விலங்குகள் வீட்டு விலங்குகளாக மாறிய வரலாற்றை மரபணுக்களில் தேடும் துறையில், குறிப்பாகக் கோழியில், ஆய்வு செய்கிறான். மற்றவள் இயற்பியல் மாணவி. இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபின், புதிதாய்ப் பிறந்த கருந்துளை கணநேரம் அதிர்ந்து பின் அமைதியடைகிறது. அந்த அதிர்வு சுமந்துவரும் ஈர்ப்பலையே அவளுடைய ஆய்வுப்பொருள். விடுமுறை நாட்களில் இருவரும் என் வீட்டில் சந்தித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. "கோழிக்காரன் வந்தாச்சு, குழிக்காரியைக் காணோமே" என்று என் மனைவி கேட்பாள். கருங்குழி என்றும் தமிழில் எழுதுகிறார்கள் அல்லவா!

நான் முனைவர் பட்டம் பெறாதவன். கல்லூரி அழைப்பிதழ்களில் பிற பெயர்களுக்கு முன்னால் 'முனைவர்' என்றும் என் பெயருக்கு முன்னால் 'திரு' என்றும் அச்சிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டா இல்லையா என்பது இக்கட்டுரைக்கு அவசியமில்லை. ஆனால் ஓர் இளம் மனிதரின் வாழ்விலிருந்து ஐந்தாறு ஆண்டுகளை எடுத்துக்கொண்டு ஆய்வு அவருக்கு என்ன தருகிறது என்பதை வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் வசதி அதனால் கிடைத்திருக்கிறது.

கோழியிலிருந்து தொடங்குகிறேன். 'பழகுதல்' என்ற ஒரே சொல்லைத் தமிழில் மனிதருக்கும் விலங்குக்கும் வழங்குகிறோம். அழகான சொல்தான். ஆனால் அது ஒரு முக்கியமான வேறுபாட்டை மறைத்துவிடுகிறது என்பதை அவன்தான் எனக்கு உணர்த்தினான். யானையைப் பழக்கலாம், எனினும் யானை வீட்டு விலங்கு அன்று. முல்லைப்பாட்டில் பாகர்கள் வடமொழிச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி யானையை உண்ணவைக்க முயலும் இடத்தை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இன்றும் யானை முகாம்களில் அதே வேலை ஒவ்வொரு யானைக்கும் முதலிலிருந்து தொடங்குகிறது. பழகிய யானையின் குட்டி, பழக்கத்தைத் தன் குருதியில் கொண்டு பிறப்பதில்லை. கோழியின் கதை வேறு. அதன் அச்சமின்மை முட்டைக்குள்ளேயே வந்துவிடுகிறது. மாடு வசக்குவது என்று எங்கள் பகுதியில் சொல்வோமே, அது ஒரு மாட்டோடு முடிந்துபோகும் காரியம். இவன் தேடுவதோ ஒரு பரம்பரையே வசங்கிய கதை.

எல்லா வீட்டுக் கோழிகளும் சிவப்புக் காட்டுக்கோழி என்ற ஒரே இனத்திலிருந்து வந்தவை என்று 1868-இல் வெளியான தன் நூலில் டார்வின் வாதிட்டார். நூற்றாண்டுக்கு மேல் அதுவே பாடம். 2008-இல் சுவீடனின் உப்சாலாவில் லெய்ஃப் ஆண்டர்சனின் குழுவினர் கோழியின் காலைக் கூர்ந்து பார்த்தனர். சில கோழிகளுக்குக் காலும் தோலும் மஞ்சள், சிலவற்றுக்கு வெள்ளை. தீனியிலுள்ள மஞ்சள் நிறமிகளைச் சிதைக்கும் ஒரு நொதி தோலில் சரியாகச் சுரந்தால் தோல் வெள்ளையாக இருக்கும். சுரப்பு குறைந்தால் நிறமி தோலில் தங்கி மஞ்சளாகிவிடும். அந்த நொதிக்கான மரபணுவின் மஞ்சள் வடிவம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது அது சிவப்புக் காட்டுக்கோழியிடம் இல்லை. சாம்பல் காட்டுக்கோழியிடம் இருந்தது. தென்னிந்தியக் காடுகளில், மேற்குத் தொடர்ச்சி மலையில் விடியற்காலையில் கூவுகிறதே, நாம் வெறுமனே காட்டுக்கோழி என்று சொல்கிறோமே, அதே பறவை. டார்வின் வீட்டுக்கோழியின் வம்சத்திலிருந்து விலக்கிவைத்த பறவை. உலகின் பெரும் பண்ணைகளில் வளரும் கோடிக்கணக்கான மஞ்சள்காற் கோழிகளின் காலில் நம்மூர்க் காட்டின் ஒரு துணுக்கு இருக்கிறது.

இதைக் கேட்ட மாத்திரத்தில், உலகக் கோழிக்கெல்லாம் தமிழ்க்கோழியே தாய் என்று ஒரு நூல் எழுதக்கூடிய நண்பர்கள் சிலரை நான் அறிவேன். அவர்கள் பொருட்டு அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். 2020-இல் 863 மரபுத்தொகைகளை ஒப்பிட்டு வெளியான ஆய்வு, வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை தென்மேற்குச் சீனம், வடக்குத் தாய்லாந்து, மியான்மர் பகுதிகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியின் ஒரு கிளையினமே என்று காட்டியது. 2022-இல் எலும்புகளை மறுபரிசீலனை செய்தவர்கள், உறுதியாக வீட்டுக்கோழி என்று சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நான் வாட் என்ற இடத்தைச் சேர்ந்தவை என்றும், அவை கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை என்றும் முடிவுசெய்தனர். வயலில் சிந்திய நெல்லையும் தினையையும் தேடி வந்த பறவை வீட்டோடு தங்கிவிட்டது என்பது அவர்கள் கருத்து. நம் காட்டுக்கோழி பிற்பாடு உறவுக்கு வந்த சம்பந்தி மட்டுமே.

இதைவிட என்னை ஈர்த்தது வேறொன்று. 2010-இல் ஆராய்ந்தபோது ஏறத்தாழ எல்லா வீட்டுக்கோழிகளிலும் தைராய்டு தொடர்பான ஒரு மரபணு ஒரே வடிவில் இருப்பது தெரிந்தது. ஆண்டின் எந்தப் பருவத்திலும் முட்டையிடுவது போன்ற பண்புகளோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று கருதினர். எல்லாக் கோழிக்கும் பொதுவானது என்றால் அதுதானே வீட்டுக்கு வந்த முதல் நாளின் கையொப்பமாக இருக்க வேண்டும்? இயல்பான முடிவுதான். ஆனால் 2014-இல் ஐரோப்பாவின் தொல்லியல் இடங்களில் கிடைத்த பழங்கோழிகளின் எலும்பிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் பல அந்த வடிவம் முழுமையாக நிலைபெறாத கோழிகளாக இருந்தன; மஞ்சள் தோலும் அரிதாகவே இருந்தது. அந்த மாற்றம் வேகமெடுத்தது ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்புதான் என்று 2017-இல் கணக்கிட்டனர். ஐரோப்பாவில் நகரங்கள் பெருகிய காலம். நோன்பு நாட்களில் நாற்கால் விலங்கின் இறைச்சியை விலக்கிக் கோழிக்கும் முட்டைக்கும் இடம்கொடுத்த காலம். தொன்மையானது என்று நாம் கைகாட்டுவது பலவும் இடைக்காலத்தது என்பதை இலக்கிய வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். கோழியின் உடம்பிலும் அப்படித்தான் பாட்டின்மேல் பாட்டாக இடைச்செருகல்கள் இருக்கின்றன. பாடபேத ஆராய்ச்சி என்று இதை நான் சொன்னதும் அவன் சிரித்தான். பிறகு தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

தமிழில் கோழியைப் பற்றிய பழைய சான்றுகள் வேண்டும் என்று ஒருமுறை கேட்டான். உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டென்பதையும், யானையை ஒரு சேவல் எதிர்த்து வென்ற இடம் என்ற கதையையும் சொன்னேன். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு எடுக்கப்பட்ட நடுகல் இருக்கிறது; சேவற்போரில் மாண்ட சேவல். கல்லில் சேவலின் உருவமும் பழைய வட்டெழுத்தும் உண்டு. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு. இறைச்சிக்கும் முட்டைக்கும் முன்பே கோழியை மனிதன் வேறு காரணங்களுக்காகப் போற்றியிருக்கிறான் என்பது அவன் துறையிலும் வலுவான கருத்து என்பதால் அவனுக்கு மகிழ்ச்சி.

நடுகல்லோடு நிற்கவில்லை. அவன் தந்தையே கட்டுச்சேவல் வளர்ப்பவர். காகம், வல்லூறு, கீரி, மயில் என்று நிறம்பார்த்து இனம்பிரித்து, எந்தச் சேவல் எந்தச் சேவலின் பேரன் என்று நான்கு தலைமுறை சொல்லக்கூடியவர். மகன் இறக்கைநரம்பில் ஊசிபோட்டு இரத்தம் எடுக்க வேண்டும் என்றதும் மறுத்துவிட்டார். ஊரெல்லாம் சுற்றி நூற்றுக்கணக்கான நாட்டுக்கோழிகளின் இரத்தத்தைச் சேகரித்த ஆய்வாளனுக்குச் சொந்த வீட்டுச் சேவல் கிடைக்கவில்லை. இறுதியில் முளைவிடும் இறகின் அடித்தண்டிலிருந்தும் மரபணு எடுக்கலாம் என்று விளக்கி இரண்டு இறகு வாங்கிக்கொண்டான். "என்ன பாக்கப் போறே?" என்று அவர் கேட்டாராம். எங்கெங்கிருந்து கலந்து வந்திருக்கிறது என்று பார்க்கப்போகிறேன் என்றானாம். கலப்பு என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் பேச்சில்லை.

காட்டு விலங்கு வீட்டு விலங்காவதை மனிதன் தன் கண்ணாலேயே பார்க்க முடியுமா? பார்க்க முயன்ற ஒருவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். சோவியத் மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவ். மரபியலையே முதலாளித்துவப் பொய் என்று லைசென்கோ ஒதுக்கிய காலம். பெல்யாயெவின் அண்ணன் நிக்கோலாயும் மரபியலாளர். ஸ்டாலினின் களையெடுப்பில் 1937-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பின்னணியில்தான் 1959-இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் தோலுக்காக வளர்க்கப்பட்ட வெள்ளிநரிகளில் மனிதருக்கு அஞ்சாதவற்றை மட்டும் தேர்ந்து இணைசேர்க்கும் சோதனை தொடங்கியது. மாஸ்கோவில் அப்போதுதான் படிப்பை முடித்திருந்த லியுத்மிலா த்ரூத் என்ற இளம்பெண் அதைப் பொறுப்பேற்றார். ஒரு நிபந்தனை மட்டுமே: எந்த நரியையும் பயிற்றுவிக்கக் கூடாது. சில தலைமுறைகளிலேயே மனிதரைக் கண்டு வாலாட்டும் நரிகள் பிறந்தன. பின்னர் மடிந்த காதும் புள்ளித்தோலும் சுருண்ட வாலும் தோன்றின. பெல்யாயெவ் 1985-இல் மறைந்தார். த்ரூத் சோதனையைத் தொடர்ந்தார். சோவியத் ஒன்றியம் உடைந்து தீனிக்கே பணமில்லாத ஆண்டுகளிலும் நரிகளைக் காத்தார்.

கதை இவ்வளவோடு நின்றால் உருக்கமாக இருக்கும். ஆனால் அந்த நரிகளின் முன்னோர் கனடாவின் பண்ணைகளிலிருந்து வந்தவை, புள்ளி போன்ற பண்புகளில் சில அங்கேயே இருந்தன, ஆகவே எல்லாம் குணத்தேர்வின் விளைவு என்று சொல்ல முடியாது என்று 2020-இல் வேறொரு குழு எழுதியது. குணம் மாறியது என்பதை எவரும் மறுக்கவில்லை. காது மடிந்தது எதனால் என்பதில்தான் வழக்கு. இதை அவன் எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னான். அறுபது ஆண்டு உழைப்பின் பாதியைக் கேள்விக்குள்ளாக்கும் ஒரு கட்டுரையை, பஞ்சாங்கத்தில் திதி மாறியதைச் சொல்வதுபோலச் சொல்கிற அந்தப் பயிற்சியை எங்கள் துறையில் நான் அதிகம் கண்டதில்லை.

இனி அவளுடைய உலகம். ஈர்ப்பலை என்றதும் எல்லோரும் 2015 செப்டம்பர் 14-ஐச் சொல்வார்கள். லைகோ கருவிகள் முதன்முதலாக அதை நேரடியாகப் பதிவுசெய்த நாள். நூற்றுமுப்பது கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கருந்துளைகள் ஒன்றாகி, மூன்று சூரியன்களுக்கு நிகரான பொருண்மையை அலைகளாக உதிர்த்தன. இங்கே வந்தபோது நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கருவிக்கையின் நீளம் புரோட்டானின் குறுக்களவில் மிகச் சிறு பங்கு அளவே மாறியது. இந்த எண்களை நான் எழுதுகிறேனே தவிர, மனத்தில் இருத்த முடிந்ததில்லை. எனக்குப் பிடித்த கதை அதற்கு நாற்பது ஆண்டுகள் முந்தையது. ஒரு முனைவர் பட்ட மாணவனின் கதை.

ரஸ்ஸல் ஹல்ஸ் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோசப் டெய்லரிடம் ஆய்வு செய்துவந்தவர். 1974-இல் புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் 305 மீட்டர் அகலமுள்ள வானொலித் தொலைநோக்கியில் துடிப்பு விண்மீன்களைத் தேடினார். மரப்பெட்டிகளுக்குள் அடைத்துக் கொண்டுபோன சிறு கணினி. அதன் நினைவகம் 32 கிலோ அளவு. இன்று என் சட்டைப்பையிலுள்ள கைபேசியில் ஒரு பூவின் படம்கூட அதற்குள் அடங்காது. ஜூலை 2 அன்று மிக மெல்லிய ஒரு சைகை கிடைத்தது. வரம்பு 7 என்று வைத்திருந்தார், இது 7.25. இன்னும் சற்று மெலிந்திருந்தால் இயந்திரமே ஒதுக்கித் தள்ளியிருக்கும். துடிப்பு நொடிக்குப் பதினேழு முறை. தாளில் 'அற்புதம்' என்று எழுதிவைத்தார். ஆனால் ஆகஸ்டில் மீண்டும் அளந்தபோது துடிப்பின் கால அளவு மாறியிருந்தது. மறுபடி அளந்தார், மறுபடி மாறியது. துடிப்பு விண்மீன் என்றாலே கடிகாரத்தைவிட ஒழுங்கானது. அது மாறக் கூடாது. எழுதிய எண்ணை அடித்தார். புதிய எண்ணை எழுதி அதையும் அடித்தார். அந்தத் தாள் பின்னர் நோபல் உரையிலேயே இடம்பெற்றது.

கருவியில் பிழை என்றே ஹல்ஸ் முதலில் எண்ணினார். எந்த ஆய்வு மாணவரும் அப்படித்தான் எண்ணுவார். ஆனால் சலிப்படைந்து அடுத்த விண்மீனுக்குப் போய்விடவில்லை. புதிய நிரல் எழுதி நாள்தோறும் அளந்தார். செப்டம்பர் நடுவில் துடிப்பின் கால அளவு குறைந்துகொண்டே வந்து, ஒரு புள்ளியில் நின்று, திரும்பி ஏறுவதைக் கண்டார். அந்த விண்மீன் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றை ஏழே முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவந்துகொண்டிருந்தது. இரண்டும் சுற்றச்சுற்ற ஈர்ப்பலைகளாய் ஆற்றலை இழந்து நெருங்கிவர வேண்டும் என்று ஐன்ஸ்டைனின் கோட்பாடு சொன்னது. ஆண்டுக்கு நொடியின் பத்துலட்சத்தில் எழுபத்தாறு பங்கு அளவு சுற்றுக்காலம் குறைகிறது என்பதை டெய்லரும் உடன்பணியாற்றியவர்களும் அளந்து 1978 இறுதியில் அறிவித்தனர். கோட்பாடு சொன்ன அளவும் அதுவே. ஈர்ப்பலை உண்டென்பதற்கு அதுவே முதற்சான்று. 1993-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தத் தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது.

இந்தக் கதையை நான் ஏன் இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்துவைத்திருக்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு.

2024 தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு அவளுடைய தந்தை என்னைப் பார்க்க வந்தார். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர். அவள் 2019-இல் ஆய்வில் சேர்ந்தாள். இடையே நோய்த்தொற்றுக் காலம். பதினைந்து மாதங்கள் ஊரிலேயே, தறிச்சத்தத்துக்கு நடுவே, கணினியோடு உட்கார்ந்திருந்தாள். இந்தியாவில் ஆய்வு உதவித்தொகைக்கு ஐந்தாண்டுதான் வரம்பு. ஐந்தும் முடிந்து மாதம் வந்துகொண்டிருந்த 42,000 ரூபாய் நின்றுவிட்டது. கடைசி ஆண்டில் அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகவே வந்தது. ஆய்வேட்டில் இரண்டு இயல்கள் பாக்கி.

"அஞ்சு வருசம்னாங்க, அஞ்சும் முடிஞ்சு போச்சுங்க ஐயா. பணமும் நின்னு போச்சு. ஜாதகத்தைக் கையில வெச்சுட்டு நிக்கறேன். வர்றவங்கெல்லாம் புள்ள என்ன பண்ணுதுன்னு கேக்கறாங்க. என்னன்னுங்க சொல்றது? நீங்க சொன்னாக் கேட்டுக்குவா. வேலைக்குப் போகச் சொல்லுங்க."

அவர்மீது எனக்கு எந்தக் கோபமும் வரவில்லை. மகளை முதுகலைக்கு வெளியூர் அனுப்புவதற்குத் தறியை அடகுவைத்தவர் அவர். நான் ஹல்ஸின் கதையைச் சொன்னேன். அடித்து எழுதிய எண்களையும் மரப்பெட்டியையும் விளக்கமாகவே சொன்னேன். கவனமாகக் கேட்டார். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனாருங்க?"

இந்தக் கேள்விக்கு உண்மையான விடை எனக்குச் சாதகமானதன்று. வானியலில் நிலையான வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை ஹல்ஸுக்கு இல்லை. அவர் விரும்பிய பெண் வேறு நகரில் இருந்தார். 1977-இல் வானியலையே விட்டுவிட்டுப் பிரின்ஸ்டனில் பிளாஸ்மா இயற்பியல் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோதும் அங்கேதான் இருந்தார். இதைச் சொல்லாமல் மழுப்பியிருக்கலாம். சொன்னேன்.

"பாத்தீங்களா!" என்றார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. காப்பி ஆறிவிட்டது. பிறகு அவரே, "படிச்சு முடிச்சுட்டுத்தானுங்க உட்டாரு?" என்று கேட்டார். ஆம், 1975-இல் பட்டம் பெற்ற பிறகுதான் என்றேன். வெளியே பார்த்துக்கொண்டு ஏதோ கணக்குப் போடுபவர்போல இருந்தார். "பீம் ஏத்திப்போட்டுப் பாதியில எறக்கினா அந்தப் பாவு எதுக்கும் ஆகாதுங்க. நூலு அத்தனையும் வீண். ஓட்டி முடிச்சுட்டு அடுத்த டிசைன் மாத்திக்கலாம்" என்றார். அடுத்த தீபாவளி வரை என்று தவணை கொடுத்தார். நான் வாதிட்டு வென்றேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். என் கதை தோற்ற இடத்தில் அவருடைய தறி பேசியது.

அந்த ஓராண்டு அவளுக்கு எப்படிக் கழிந்தது என்பது எனக்கு முழுவதும் தெரியாது. விடுதி அறையைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. மாலைகளில் நுழைவுத்தேர்வு மாணவர்களுக்கு இணையவழியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் தொலைபேசியில் பேசும்போது சி.வி.விஸ்வேஸ்வராவைப் பற்றிச் சொன்னாள். பெங்களூர்க்காரர், பின்னாளில் அங்குள்ள ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தை உருவாக்கி நடத்தியவர். 1960-களில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மிஸ்னரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். கருந்துளையைச் சற்றே சீண்டினால் அது குலைந்துபோகுமா, பழைய நிலைக்குத் திரும்புமா என்பது கேள்வி. குலையாது என்று நிறுவினார். கருந்துளை என்ற பெயரே அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. அப்படி ஒன்று இருக்கிறது என்றுகூடப் பலர் நம்பவில்லை. 1970-இல், கருந்துளையின்மீது ஓர் அலைத்துணுக்கை மோதவிட்டால் என்ன திரும்பிவரும் என்று கணித்தார். வந்தது மெல்லத் தேய்ந்து மறையும் ஓர் அதிர்வு. மோதிய அலை எதுவானாலும், ஒலிக்கும் சுருதியும் தேயும் வேகமும் கருந்துளைக்கே உரியவை. சந்தையில் மண்பானை வாங்குபவர் அதைச் சுண்டிப் பார்ப்பதைப் போல. ஒலியைக் கேட்டே பானையின் வெந்த பதமும் விரிசலும் தெரிந்துவிடும்.

"அவர் கணக்குப் போட்டபோது சுண்டிப் பார்க்கப் பானையும் இல்லை, கேட்கக் காதும் இல்லை ஐயா" என்றாள் அவள். 2016 பிப்ரவரியில் லைகோவின் முதற்கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டபோது விஸ்வேஸ்வராவுக்கு வயது 77. அலையின் கடைசித் துணுக்கில் அவருடைய தேயும் அதிர்வு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மறு ஆண்டு ஜனவரியில் மறைந்தார். அவள் இதை ஆறுதலாகச் சொன்னாளா, அங்கலாய்ப்பாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை. நாற்பத்தாறு ஆண்டுகள் நீண்ட காலம். அவருக்கு அது வாய்த்தது. வாய்க்காதவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

அவள் 2025 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். தந்தையின் தவணைக்கு இரண்டு மாதம் மீதமிருந்தது. அடுத்த மாதமே, அந்த ஆண்டு ஜனவரி 14-இல் பதிவான ஈர்ப்பலை பற்றிய கட்டுரை வெளியாயிற்று. அதுவரை கேட்டவற்றுள் மிகத் தெளிவானது. தேயும் அதிர்வில் ஒன்றுக்கு மேற்பட்ட சுருதிகளைப் பிரித்தறிய முடிந்தது. சுழலும் கருந்துளைக்குக் கோட்பாடு சொன்ன சுருதிகளோடு அவை பொருந்தின. "நல்லவேளை ஐயா, முன்னாலேயே கொடுத்துவிட்டேன். இல்லையென்றால் இன்னோர் இயல் எழுதச் சொல்லியிருப்பார்கள்" என்றாள்.

ஊரில் தான் படித்த அரசுப் பள்ளியில் பேச அழைத்திருக்கிறார்கள் என்றும், தேய்ந்து அடங்கும் அந்த அதிர்வுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்றும் கேட்டாள். கார்வை என்றேன். அது நீளும் ஒலி, தேயும் ஒலி அன்று என்று மறுத்துவிட்டாள். கோழிக்காரன் உடனிருந்தான், ரீங்காரம் என்றான். அது வண்டுக்கு ஆகிவந்த சொல் என்று நான் மறுத்தேன். அவளை அழைத்துப்போக வந்திருந்த தந்தை, தறியை நிறுத்தினாலும் உடனே நிற்பதில்லை, ஒன்றிரண்டு தட்டு ஓடித்தான் ஓட்டம் அடங்கும் என்றார். அடங்கல் என்று அவள் எழுதிக்கொண்டாள். அடங்கல் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கும் சான்றல்லவா என்று நான் தயங்கினேன். தேவாரத் திரட்டுக்கும் அப்பெயர் உண்டு. 'அதிர்வடங்கல்' என்று வைத்துக்கொள்ளலாமே என்றான் அவன். அவள் இரண்டையும் எழுதி, ஒன்றை அடித்துவிட்டு, பிறகு மற்றதையும் அடித்தாள்.